குழுவின் தேவையா, ஆளின் திறமையா? டிராஃப்ட் இரவுக்குத் தயாராகும் வழி

டிராஃப்ட் என்றால், காற்பந்துக் குழுக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பது. அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு 555 நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துவிடுங்கள். மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம்தான். பெயர் கொடுத்திருக்கும் ஆட்டக்காரர்கள் எல்லாரையும் அதில் திறமைப்படி வரிசையாக எழுதுங்கள். எழுதும்போது உங்கள் குழுவில் யார் இருக்கிறார், எந்த இடம் காலி என்பதை நினைக்கவே கூடாது. நினைத்தால், காலியான இடத்தில் ஆடுகிற சுமாரான பையன்கூடப் பெரிய ஆட்டக்காரனாகத் தெரிவான். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் டிராஃப்ட் மேசையில் உட்காருகிறவர்கள்தான் நம் வட்டாரத்தில் அதிகம்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டியில் ஒரு குழுவையும் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு குழு இருந்தது. எந்த லயத்து வீட்டில் பிறந்தாயோ அந்தத் தோட்டத்துக்கு ஆடுவாய், தேர்வு என்ற பேச்சே இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்தின் பெயரைச் சொல்லி ஏழு பேரைச் சேர்ப்பதே கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் இங்கே டிராஃப்ட் முறை வந்தது. எட்டுக் குழுக்கள், குழுவுக்குப் பத்துப் பேர். போன பருவத்து ஆட்களில் இரண்டு பேரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மீதி எட்டுப் பேரை எட்டுச் சுற்றுகளில் ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். உங்கள் ஊரில் எண்ணிக்கை மாறலாம், கணக்குப் போடும் விதம் மாறாது.

சரி, வரிசை எழுதியாகிவிட்டது. அடுத்து அந்த வரிசையில் கோடு போட வேண்டும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டு, மேலே இருப்பவன் போய்க் கீழே இருப்பவன் கிடைத்தால் வருத்தப்படுவோமா என்று கேட்டுப் பாருங்கள். வருத்தம் இல்லையென்றால் இருவரும் ஒரே அடுக்கு. வருத்தம் வந்தால் நடுவில் ஒரு கோடு. இப்படியே கீழே வரை வந்தால் நாலைந்து அடுக்குகள் கிடைக்கும். முதல் அடுக்கில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், இரண்டாவதில் பத்துப் பன்னிரண்டு பேர், கீழே போகப் போகக் கூட்டம்.

இந்தக் கோடுகள்தான் தேவைக்கும் திறமைக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கின்றன. ஒரே அடுக்குக்குள் இரண்டு பேர் இருந்தால் உங்களுக்குத் தேவையான இடத்தில் ஆடுகிறவனை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஒருவன் மேல் அடுக்கு, இன்னொருவன் கீழ் அடுக்கு, ஆனால் கீழே இருப்பவன்தான் உங்கள் காலி இடத்துக்கு ஏற்றவன் என்றால், முதல் நான்கு சுற்றுகளில் மேல் அடுக்குக்காரனையே எடுங்கள். கோல் காவலர் விஷயம் மட்டும் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை நான் அமெரிக்கக் காற்பந்திலிருந்து கற்றுக்கொண்டேன். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது, நம் ஆட்டம் வேறு. ஆனால் டிராஃப்ட் என்பதை 1936 முதல் நடத்தி வருகிறார்கள் என்பதால் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. இப்போது அங்கே 32 குழுக்கள், ஏழு சுற்றுகள். போன பருவத்தில் கடைசியாக வந்த குழுவுக்கு முதல் வாய்ப்பு. முதல் சுற்று அவர்களுக்கு வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு, நமக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, கம்ப்ரசர் ஓட, கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன்.

1996இல் பால்டிமோர் ரேவன்ஸ் குழு, கிளீவ்லாந்திலிருந்து இடம் மாறி வந்த கையோடு, தன் முதல் டிராஃப்டில் நான்காவது இடத்தில் உட்கார்ந்தது. அவர்களுக்கு வேண்டியது பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக். லாரன்ஸ் பிலிப்ஸ் என்ற ஓட்டக்காரர் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். ஆனால் தேர்வை நடத்திய ஓசி நியூசமின் பட்டியலில் மேலே இருந்தவர் ஜோனதன் ஆக்டன், தடுப்பு வரிசைக்காரர். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார். இருந்தும் ஆக்டனையே எடுத்தார்கள். முதல் வருடம் அவரைப் பக்கத்து இடத்தில் ஆடவிட்டார்கள், அடுத்த வருடம் அவருக்குரிய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு பருவங்கள் ஆடி, 2013இல், அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கான புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். பிலிப்ஸை ஆறாவதாக எடுத்த செயின்ட் லூயிஸ் குழு அடுத்த வருடமே அவரை விட்டுவிட்டது.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் 2011. மூன்று குழுக்களுக்குக் குவாட்டர்பேக் இல்லை. ஆட்டத்தையே நடத்துகிறவர் அவர்தான் என்பதால் தவிப்பு புரிகிறது. எட்டாவதாக ஜேக் லாக்கர், பத்தாவதாக பிளெய்ன் கேபர்ட், பன்னிரண்டாவதாக கிறிஸ்டியன் பாண்டர் போனார்கள். கேபர்டுக்காக ஜாக்சன்வில் குழு பதினாறாவது இடத்திலிருந்து விலை கொடுத்து மேலே ஏறி வந்தது. மூவரில் ஒருவரும் தன் குழுவில் நிலைக்கவில்லை. நடுவே பதினோராவதாக ஹூஸ்டன் எடுத்தது ஜே.ஜே. வாட் என்ற தற்காப்புக்காரரை. அவர் லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராக மூன்று முறை தேர்வானார். தேவை உண்மைதான், ஆனால் அந்தத் தேவையைத் தீர்க்கும் ஆள் அந்த வருடப் பட்டியலில் அந்த இடத்தில் இல்லை. காலியான இடத்தில் ஒருவரை நிறுத்துவதும் அந்த இடத்தைச் சரிசெய்வதும் ஒன்றல்ல.

இதைக் கேட்டுவிட்டு, எப்போதும் மேலே இருப்பவனையே எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் முதல் சுற்றில், எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரையே எடுத்தது. 2007இல் மறுபடியும் ஒரு ரிசீவர், கால்வின் ஜான்சன். அவர் பின்னாளில் புகழ்மண்டபம் போனவர், அந்தத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 2008இல் அந்தக் குழு பதினாறு ஆட்டங்களில் பதினாறையும் தோற்றது. மற்ற இடங்கள் ஓட்டையாக இருந்தால் பந்து பிடிப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, தேவையையும் அளக்கத் தெரிய வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தை வைத்தே தேவையைச் சொல்வார்கள். எங்கள் குழுவின் தலைவர் ஒருமுறை கடைக்கு வந்து, "அண்ணே, இந்த வாட்டி முதல் ரெண்டும் டிஃபெண்டர்தான்ணே எடுக்கணும். பின்னால ஆளே இல்ல" என்றார். போன பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதச் சொன்னேன். டயர் ரசீதின் பின்பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். பந்து எங்கே பறிபோனது, யார் காலில், அப்போது நம் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி. முடித்துப் பார்த்தால் பெரும்பாலான கோல்கள் நடுத்திடலில் தொடங்கியிருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்குகிறவர், பின்னால் ஆள் வருவது தெரியாமல் இழக்கிறார்; தற்காப்பில் இருந்த இரண்டு பேரும் மூன்று பேரை எதிர்கொள்ள வேண்டியதாகிறது. தலைவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப நமக்கு வேண்டியது பந்தைப் பிடிச்சு வெக்கிற ஆளு" என்றார். தேவை என்று எழுதும் முன் இந்த வேலையைச் செய்யுங்கள், அரை மணி நேரம் போதும். வாங்கிய கோலும் போடாமல் விட்ட கோலும் எங்கே பிறந்தன என்று பார்த்தால்தான் காலி இடம் எது என்று தெரியும்.

இனி, டிராஃப்ட் மேசையில் உண்மையிலேயே லாபம் தரும் கணக்கைச் சொல்கிறேன். இதைத்தான் யாரும் போடுவதில்லை.

எங்கள் ஊரில் முறை பாம்பு போல வளைந்து வரும். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை, இரண்டாவதில் எட்டிலிருந்து ஒன்று வரை, மறுபடி ஒன்றிலிருந்து எட்டு. நீங்கள் மூன்றாவது குழு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறைகள் 3, 14, 19, 30 என்று வரும். இந்த எண்களை 555 புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். 14க்கும் 19க்கும் நடுவே நான்கு பேர்தான் போவார்கள். அந்த நான்கையும் எடுக்கப் போவது இரண்டே குழுக்கள், உங்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டாவதும் முதலாவதும். அதனால் 14ஆவது முறையில் உங்கள் வேலை, அந்த இரண்டு குழுக்களின் ஆட்களையும் தேவையையும் பார்ப்பது. இரண்டு பேரிடமும் நல்ல இடதுகால் ஆட்டக்காரர் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் குறிவைத்த இடதுகால்காரர் 19இல் பெரும்பாலும் உங்களுக்காகக் காத்திருப்பார். அப்போது 14இல் திறமையை எடுங்கள், 19இல் தேவையை எடுங்கள். இரண்டும் கிடைக்கும்.

19க்கும் 30க்கும் நடுவே நிலைமை வேறு. பத்துப் பேர் போய்விடுவார்கள், மற்ற ஐந்து குழுக்களும் இரண்டு முறை எடுத்திருக்கும். அந்த இடைவெளியில் எந்த அடுக்கு முழுதாகக் காலியாகும் என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் இரண்டாம் அடுக்கில் நடுத்திடல்காரர்கள் ஐந்து பேர் மிச்சம், தற்காப்புக்காரர் ஒருவர்தான் மிச்சம் என்றால், 19இல் அந்தத் தற்காப்புக்காரரை எடுப்பது நியாயம். 30இல் நடுத்திடலில் யாராவது ஒருவர் இருப்பார், தற்காப்பில் இருக்க மாட்டார். இங்கே நீங்கள் பார்ப்பது உங்கள் குழுவின் தேவையை அல்ல, ஊரில் இருக்கும் பற்றாக்குறையை. தேவை உங்களுக்கு மட்டும் சொந்தம். பற்றாக்குறை மேசையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் பொது. பற்றாக்குறைக்காக ஒரு சுற்று முன்னதாக எடுப்பதில் தவறே இல்லை. வெறும் தேவைக்காக முன்னதாக எடுத்தால்தான் நஷ்டம்.

இதற்காகவே ஒரு பக்கத்தில் எட்டுக் குழுக்களுக்கும் கட்டம் போட்டு வைத்திருங்கள். யார் யாரைத் தக்கவைத்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் யாரை எடுத்தார்கள் என்று உடனுக்குடன் எழுத வேண்டும். கோயில் மண்டபத்தில் மைலோவும் வடையும் சுற்றி வரும், பழைய சண்டைகளைப் பேசுவார்கள், பேச்சில் மயங்கிவிடாதீர்கள். குழுத் தலைவர் பெயரைச் சொல்லட்டும், ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

கோல் காவலருக்கு வருவோம். செலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை ஸ்பைடர்மேன் என்று மலேசியாவே கொண்டாடியது. அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் தோட்டத்துக்கு ஒரு பையனாவது கோல் கம்பத்துக்கு நடுவே நிற்க ஆசைப்பட்டான். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கோல் போடத்தான் ஆசை. பெயர் கொடுக்கும் அறுபது எழுபது பேரில், கோல் காவலராகவே பழகியவர்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருப்பார்கள். மற்றவர்கள் "நிக்கச் சொன்னா நிப்பேன்" என்பவர்கள். எழுவர் ஆட்டத்தில் திடல் சிறியது, எங்கிருந்து அடித்தாலும் கோலை நோக்கிப் போகும், காவலர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தைத் தொட்டுக்கொண்டே இருப்பார். அதனால் தக்கவைத்த இருவரில் காவலர் இல்லையென்றால், இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ, அடுக்கைக்கூடப் பார்க்காமல், நிஜமான காவலர் ஒருவரை எடுத்துவிடுங்கள். முதல் சுற்று மட்டும் வேண்டாம். எத்தனை குழுக்களுக்குக் காவலர் இல்லை, எத்தனை நல்ல காவலர்கள் மிச்சம் என்று கட்டத்தில் எண்ணிப் பார்த்தால் எந்தச் சுற்று என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆளின் திறமையை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். டிராஃப்டுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரையும் கலந்து ஆடவிடுவோம். அப்போது பந்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே போய் நிற்கிறான், பறிகொடுத்த பிறகு எத்தனை அடி திரும்பி ஓடுகிறான், கடைசிப் பத்து நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறானா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை மழைக்குப் பிறகு செம்மண் திடலில் பந்து வழுக்கும்போது முதல் தொடுதல் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். காய்ந்த திடலில் மின்னுகிற சிலர் ஈரத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

இன்னொன்று, வருகை. நம் பையன்கள் ஈப்போவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், சிலர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு நீண்ட விடுமுறைக்கு மட்டும் வருகிறார்கள். எட்டுக் குழுக்கள் என்றால் ஏழு ஆட்டங்கள், அப்புறம் அரையிறுதி, இறுதி. முதல் அடுக்குக்காரன் மூன்று ஆட்டத்துக்குத்தான் வர முடியும் என்றால் அவனை இரண்டாம் அடுக்கிலோ மூன்றாம் அடுக்கிலோ எழுதுங்கள். கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: "தம்பி, ஞாயித்துக்கிழமை வேலை எப்படி? எத்தனை வாரம் வர முடியும்?" மரியாதையாகக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். இதைத் திறமையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். திடலுக்கு வராத திறமைக்கு மேசையில் என்ன விலை?

இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவனுக்கு அரை அடுக்கு கூட்டிக் கொடுங்கள். ஓரத்தில் ஓடித் தாக்கி ஆடிய மலேசிய ஆட்டக்காரர் எஸ். குணாளன் வலது தற்காப்பிலும் ஆடியவர். அப்படி ஒருவன் கையில் இருந்தால் அடுத்த சுற்றுகளில் தேவை உங்களை நெருக்காது, திறமையைத் துணிந்து எடுக்கலாம்.

காலக் கணக்கையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் டிராஃப்டில் எடுக்கும் ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம், அதனால் அவர்கள் பொறுத்திருக்கலாம். கிரீன் பே பேக்கர்ஸ் 2005இல், பிரெட் ஃபார்வ் என்ற பெரிய குவாட்டர்பேக் இருக்கும்போதே ஆரன் ராஜர்ஸை 24ஆவதாக எடுத்தது. அவர் மூன்று பருவங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, 2008இல்தான் தொடக்க ஆட்டக்காரரானார்; 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதியாட்டத்தை வென்றார். நமக்கு அந்த வசதி கிடையாது. ஒன்பது ஞாயிறுகளில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் ஐந்தாம் சுற்றிலிருந்து தேவைக்கு எடை கூடுகிறது. அங்கே மிச்சம் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே அடுக்கு, காலி இடத்தை நிரப்பினால் போதும். அடுத்த பருவத்துக்கு இரண்டு பேரைத் தக்கவைக்கலாம் என்ற விதி மட்டும் நமக்கு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஏழாம் சுற்றில் முப்பத்தைந்து வயதுக்காரரும் பதினேழு வயதுப் பையனும் கிட்டத்தட்ட சமமாகத் தெரிந்தால் பையனை எடுங்கள்.

சொந்தபந்தம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி நம் ஊருக்கு உதவாது. ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர் தன் அக்கா மகனை எடுக்கச் சொல்வார், தலைவர் தன் மச்சானைச் சொல்வார். முகத்தில் அடித்தாற்போல மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. குழு ஓடுவதே இவர்கள் தயவில்தான். ஆனால் முன்கூட்டியே பேசி, அந்தப் பெயர் கடைசி இரண்டு சுற்றுகளில்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள். "மாமா, எட்டாவது சுற்றில் கட்டாயம் எடுக்கிறோம், அதற்கு முன் வேறு குழு எடுத்தால் தம்பி நல்ல ஆட்டக்காரன் என்று சந்தோஷப்படுங்கள்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தேர்வு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். திறமையைப் பார்த்து எடுத்ததில் உங்களிடம் ஒரு இடத்தில் ஆள் கூடிப்போயிருக்கும், இன்னொரு இடம் காலியாக இருக்கும். எட்டுக் கட்டங்களையும் விரித்துப் பாருங்கள். உங்களுக்கு நேர் எதிராக ஒரு குழு நிச்சயம் சிக்கியிருக்கும். எங்கள் ஊரில் அன்றிரவே ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. உங்களிடம் கூடுதலாக இருக்கும் இரண்டாம் அடுக்கு நடுத்திடல்காரரைக் கொடுத்து அவர்களின் இரண்டாம் அடுக்குத் தற்காப்புக்காரரைக் கேளுங்கள். கையில் திறமை இருந்தால்தான் பேரம் பேச முடியும், தேவைக்காக எடுத்த சுமாரான ஆளை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பேசி முடித்ததும், மண்டபத்துக்கு வராத ஆட்டக்காரர்களுக்கு நீங்களே போன் செய்து எந்தக் குழு, எந்த இடம், முதல் பயிற்சி எப்போது என்று சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாட்ஸ்அப்பில் போட்டு அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விட வேண்டாம்.